கும்பகோணம் ஸ்டேஷன்: தினமும் ஏறி இறங்குகிறவளின் மதிப்புரை

கும்பகோணம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கோயில் பார்க்க வந்து இறங்கியவர்கள். ஆட்டோ கிடைத்ததா, பக்கத்தில் நல்ல காபி உண்டா என்பதோடு அவர்களுக்கு ஸ்டேஷன் முடிந்துவிடுகிறது. நான் பத்தொன்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் காலையில் இங்கே வண்டி ஏறித் தஞ்சாவூர் போகிறேன். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை. ராத்திரி இதே பிளாட்பாரத்தில் வந்து இறங்குகிறேன். என்னைப் போல் சீசன் டிக்கெட்டில் போய் வருகிறவர்களுக்கு இந்த ஸ்டேஷன் எப்படி என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் எனக்குப் பிடித்த ஸ்டேஷன், தாராளமாக நல்ல மதிப்பெண் போடுவேன். குறை, ஸ்டேஷனுக்கு இரண்டு பக்கமும் நீண்டு கிடக்கிற பாதையில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூர் வரை இன்னும் ஒற்றைத் தண்டவாளம்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காலையில் ஆறே முக்காலுக்கு எக்ஸெல் வண்டியை ஸ்டாண்டில் விடுவேன். மாதக் கட்டணம் கட்டியிருப்பதால் சீட்டுக் கிழிக்கிற வேலை இல்லை. ஸ்டாண்டுத் தம்பிக்கு எங்கள் வண்டிகள் எல்லாம் மனப்பாடம். மழை நாளில் சீட்டின் மேல் ஒரு பாலித்தீன் பையைப் போட்டு வைப்பான். கேட்டுச் செய்வதில்லை, தானாகச் செய்கிறான். ஒரு ஸ்டேஷனின் வசதிகளைப் பட்டியல் போடுகிற எவரும் இதைச் சேர்க்க மாட்டார்கள், ஆனால் ஐப்பசி மழையில் ராத்திரி எட்டரைக்கு வந்து ஈரமில்லாத சீட்டில் உட்காரும்போது எனக்கு அதுதான் பெரிய வசதி.

டிக்கெட் எடுக்க மூன்று வழி இருக்கிறது. கவுண்டர், தானியங்கி மெஷின், போன். மெஷின் பக்கத்தில் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் நின்று எடுத்துக் கொடுப்பார். கமிஷன் அவருக்கு ரயில்வே கொடுத்துவிடும், நாம் டிக்கெட் விலையைக் கொடுத்தால் போதும். வயதானவர்கள் மெஷினைப் பார்த்துத் தயங்கிக் கவுண்டர் வரிசைக்கே போய்விடுகிறார்கள். தயங்க வேண்டாம், ஊர்ப் பெயரைச் சொன்னால் அவர் பார்த்துக்கொள்வார். போனில் எடுப்பவர்களுக்கு 2025 ஜூலையில் ரயில்ஒன் என்று புது செயலி வந்திருக்கிறது. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 199 கிலோமீட்டர் வரைக்கான சாதாரண டிக்கெட்டை எடுத்து மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகிற முதல் வண்டியில் கிளம்பிவிட வேண்டும். காலையில் எடுத்து வைத்து சாயங்காலம் போகலாம் என்று நினைத்து அபராதம் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தினம் போகிறவர்கள் சீசனுக்கு மாறிவிடுங்கள். மூன்று மாத சீசன், மாதச் சீசனைப் போல் 2.7 மடங்கு விலைதான், மூன்று மடங்கு இல்லை. நான் எப்போதும் மூன்று மாதம்தான் எடுக்கிறேன். அடையாள அட்டை எண்ணை டிக்கெட்டில் எழுத மறக்கக் கூடாது. எழுதாத சீசன் பரிசோதகர் கண்ணில் செல்லாத சீசன். பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரைக்கும், பையன்களுக்கு பிளஸ் டூ வரைக்கும் வீட்டிலிருந்து படிக்கிற இடத்துக்கு இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். பள்ளியிலோ கல்லூரியிலோ கையெழுத்து வாங்கி வந்தால் போதும். இது தெரியாமல் பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த மூன்று பிள்ளைகளுக்கு நானே சொல்லி வாங்க வைத்திருக்கிறேன். அதில் ஒரு பெண் இப்போது குந்தவை நாச்சியார் கல்லூரியில் கடைசி வருஷம். என் பெட்டியில்தான் வருவாள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு நிறுத்திய பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வந்தபோது எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்ற பெயரில் வந்தன. நிற்கிற ஊர் அதேதான், வேகமும் அதேதான், குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆகியிருந்தது. பாபநாசத்தில் ஏறி தஞ்சாவூர் சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிற அக்காக்கள் அந்தக் காலத்தில் வண்டியை விட்டே போய்விட்டார்கள். 2024 பிப்ரவரி கடைசியில் மறுபடி 10 ரூபாய் ஆனது. அவர்களில் பாதிப் பேர்தான் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று இன்னும் எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம்.

பிளாட்பாரத்துக்கு வருவோம். எனக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். ஆகவே ஒரு ஸ்டேஷனை நான் படிகளை வைத்துத்தான் அளக்கிறேன். முதல் பிளாட்பாரத்துக்கு வண்டி வந்தால் அன்றைக்கு நல்ல நாள். வாசலிலிருந்து ஒரு படி கூட ஏறாமல் பெட்டி வரை போய்விடலாம். வேறு பிளாட்பாரத்துக்கு என்று அறிவிப்பு வந்தால் நடைமேம்பாலம் ஏற வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் முன்னாடியே வந்துவிடுவேன். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஏறுவேன். முட்டி வலிக்காரர்களுக்கு டாக்டர் சொன்னது இது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அவசரப்பட்டுத் தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். மின்சார வண்டி சத்தமில்லாமல் வந்து நிற்கும் காலம் இது. பழைய டீசல் வண்டி மாதிரி தூரத்திலேயே அதிராது. தயவுசெய்து வேண்டாம்.

உட்கார இடம், விளக்கு, குடிதண்ணீர், தமிழில் அறிவிப்பு, இதெல்லாம் எனக்குக் குறை சொல்லும்படி இல்லை. ராத்திரி இறங்கும்போது பிளாட்பாரம் முழுக்க வெளிச்சம் இருக்கிறது. தனியாக வருகிற பெண்ணுக்கு முதல் தேவை அதுதான். காத்திருப்பு அறைப் பக்கம் கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருவர், தண்ணீர்க் குழாயடியில் யாராவது சோற்றுப் பாத்திரம் கழுவினால் விடவே மாட்டார். "சாமி, குடிக்கிற தண்ணி வர்ற இடம், அந்தப் பக்கம் போய்க் கழுவுங்க" என்பார். கோபமே இல்லாத குரல், ஆனால் யாரும் மீறி நான் பார்த்ததில்லை. எதுவும் பிரச்சினை என்றால் 139 எண்ணுக்கு அழைக்கலாம், வண்டிக்குள் இருக்கும்போதும் அதே எண்தான்.

பஸ் ஸ்டாண்டு நடந்தே போகிற தூரம். மகாமகக் குளமும் அப்படித்தான். ராமானுஜன் வீட்டுக்கு வழி கேட்டு வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருவார்கள். சாரங்கபாணி சன்னதித் தெரு என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் போதும்.

அப்புறம் வரலாறு. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொண்டதை விட அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். அப்பா இந்தப் பாதையில் கீமேனாக இருந்தவர். தினமும் காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்பு, பச்சைக் கொடிகளும் தோளில் மாட்டிக்கொண்டு தன் எல்லை முழுவதும் நடப்பார். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் சாவிகளில் எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்து அடித்து இறுக்குவது அவர் வேலை. தட்டும்போது வருகிற சத்தத்திலேயே இறுக்கமா தளர்வா என்று சொல்லிவிடுவார்.

டெல்டாவுக்கு ரயில் முதலில் கடல் பக்கத்திலிருந்துதான் வந்தது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனிக்கு நாகப்பட்டினம்தான் தலைமையிடம். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையும் அடுத்த வருஷம் திருச்சி வரையும் பாதை போட்டார்கள். அது அகலப்பாதை. 1874-ல் அந்தக் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. புதுக் கம்பெனி மீட்டர்கேஜ் போதும் என்று முடிவு செய்து, போட்ட அகலப்பாதையையே குறுக்கியது. கும்பகோணத்துக்கு ரயில் வந்தது அந்த மீட்டர்கேஜ் காலத்தில், 1877-ல். அதாவது தஞ்சாவூர் ஸ்டேஷன் எங்கள் ஸ்டேஷனுக்கு 16 வருஷம் மூத்தது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் எங்கள் ஊரில் நூற்றிருபது வருஷத்துக்கு மேல் கிடந்தது. பிறகு மறுபடியும் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை ஆனது. மீட்டர்கேஜைப் பெயர்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பா ஓய்வு பெற்றார். விழுப்புரம் வரை முழுக்க அகலப்பாதையாக மாறி சென்னைக்கு நேர் வண்டி திரும்ப வர 2010 ஆகிவிட்டது.

இந்தப் பாதைக்கு மெயின் லைன் என்று பெயர். சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி. தென்னாட்டுக்குப் போக இதுதான் வழியாக இருந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை போய்க் கப்பலில் இலங்கைக்குச் சேர்த்த போட் மெயில், இந்த ஸ்டேஷன் வழியாகப் போன வண்டி. 1920-களின் கடைசியில் விருத்தாசலம் வழியாக கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை வந்தது. 60 கிலோமீட்டருக்கு மேல் தூரம் குறைவு. அவசர வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. அங்கே இரட்டைப் பாதை போட்டார்கள். எங்களுக்கு மெயின் லைன் என்ற பெயரும் ஒற்றைத் தண்டவாளமும் மிஞ்சின.

ஒற்றைத் தண்டவாளம் என்றால் என்ன என்பதை நான் ஏழெட்டு வயதில் கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அம்மாவோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். பாயின்ட்ஸ்மேன் ஒருவர் பிளாட்பார விளிம்பில் ஒரு பெரிய பிரம்பு வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். வளையத்தின் காம்பில் ஒரு சின்னத் தோல் பை. நிற்காத வண்டி ஒன்று புகையும் சத்தமுமாக வந்தது. எஞ்சின் படியில் தொங்கிக்கொண்டிருந்த ஃபயர்மேன், கையிலிருந்த ஒரு வளையத்தைக் கீழே எறிந்தார், அதே மூச்சில் இந்த வளையத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கீழே விழுந்த வளையம் சரளைக்கல்லில் இரண்டு உருட்டு உருண்டு என் காலடிக்கு வந்து சாய்ந்தது. நான் தொடப் போனேன். அப்பா "தொடாதே!" என்று அப்படி ஒரு அதட்டுப் போட்டார். அவர் என்னை அதட்டியது வாழ்க்கையில் நாலைந்து தடவைதான் இருக்கும்.

பிற்பாடு விளக்கினார். அந்தப் பைக்குள் இருப்பது ஒரு இரும்புப் பந்து, டோக்கன். பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்டேஷன்களில் கம்பியால் இணைத்த இரண்டு கருவிகள் இருக்கும். ஒரு கருவியிலிருந்து ஒரு பந்து வெளியே வந்துவிட்டால், அது போய்ச் சேர்ந்து கருவிக்குள் விழுகிற வரைக்கும் இரண்டு பக்கமும் இன்னொரு பந்து வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. ஆகவே ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி நுழைய வழியில்லை. எண்ணூறு பேர் உயிர் அந்தத் தோல் பைக்குள் இருக்கிறது, விளையாட்டுச் சாமானா அது என்று கேட்டார்.

இப்போது வளையம் இல்லை, பந்து இல்லை. கலர் விளக்குச் சிக்னல் இருக்கிறது, மேலே மின்கம்பி ஓடுகிறது. ஆனால் கணக்கு அதேதான். எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இதைத்தான் கிராசிங் என்கிறோம். ஒதுங்குவது எப்போதும் பாசஞ்சர்தான். கும்பகோணம் தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர். கிராசிங் இல்லாவிட்டால் எல்லா ஊரிலும் நின்றே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும், பஸ்ஸை விடச் சீக்கிரம். ஒரு கிராசிங் விழுந்தால் பஸ்ஸும் வண்டியும் சமம். இரண்டு விழுந்தால் கடையில் அரை நாள் சம்பளம் போகும். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு இரட்டைப் பாதை வந்துவிட்டது. அதே வண்டி தஞ்சாவூரைத் தாண்டியதும் எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

போன மாசியில் நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி வண்டி வழியில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. ஊர்ப் பெயர் வேண்டாம். கால் மணி, அரை மணி, ஐம்பது நிமிடம். அறிவிப்பு ஒன்றும் இல்லை. என் எதிரே ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண், அய்யம்பேட்டையில் வேலை முடித்து வருகிறவள். அன்றைக்குப் பெட்டியில் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் தீர்ந்திருந்தது, பிளாட்பாரத்துக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அவளுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நானும் இன்னொரு டீச்சரும் கீழே இறங்கிச் சாவி கேட்டோம். யாரிடம் சாவி என்று கண்டுபிடிக்கவே கால் மணி ஆனது. திறந்தபோது, "இவ்வளவு நேரம் நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே இறங்கியிருப்பேனேக்கா" என்றாள். எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைச் சொல்வதற்குப் புதுப் பாதை போட வேண்டியதில்லை. ஒலிபெருக்கி இருக்கிறது, ஒரு வரி போதும். வண்டி ஒதுங்குகிற எல்லா ஸ்டேஷன்களுக்கும் என் கோரிக்கை இது: கிராசிங் என்றால் கிராசிங் என்று சொல்லுங்கள், கழிப்பறையைப் பூட்டாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் பஸ்ஸுக்கு மாறவில்லை என்று வீட்டில் கேட்பார்கள். முதல் காரணம் முட்டி. பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் காலை மடக்கியே உட்கார வேண்டும், வண்டியில் எழுந்து நாலடி நடக்கலாம். இரண்டாவது, வண்டியில் நாங்கள் ஒரு வீடு மாதிரி. தாராசுரம், சுவாமிமலை, சுந்தரபெருமாள் கோவில், பாபநாசம், பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில், திட்டை என்று ஒவ்வொரு ஊரிலும் ஏறுகிறவர்கள் யார், எந்த ஜன்னல் யாருடையது என்று தெரியும். ராத்திரி வண்டியில் முருங்கைக்கீரையை மடியில் போட்டு உருவிக்கொண்டே வருவோம். பாபநாசம் தாண்டுவதற்குள் எனக்கு ஒரு கட்டு முடிந்துவிடும், வீட்டுக்குப் போய் அடுப்பில் வைக்க வேண்டியதுதான். காம்பையும் சருகையும் ஜன்னல் வழியே போடக் கூடாது என்பது எங்களுக்குள் கட்டுப்பாடு. ஒரு பையில் சேர்த்து ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போடுவோம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால், வெட்டாற்றுப் பாலமும் வெண்ணாற்றுப் பாலமும் வரும்போது எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிடுவோம். முதல் நாள் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வரும். நாலு நாளில் நாற்றங்கால் பச்சை தெரியும். கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே தலையை விட்டிருக்கிற எனக்கு, குறுவை எது சம்பா எது என்று ஞாபகப்படுத்துவது அந்த ஜன்னல்தான்.

புதிதாகத் தினம் வரப்போகிறவர்களுக்குச் சில விஷயம். வியாழக்கிழமை திட்டை குரு கோயிலுக்குக் கூட்டம் ஏறும், கிருத்திகை அன்று சுவாமிமலைக்கு. அந்த நாட்களில் கொஞ்சம் முன்னாடி வாருங்கள். கோவை ஜன் சதாப்தியில் சீசன் செல்லாது. அவசரத்தில் அதில் ஏறிவிடாதீர்கள். சின்ன ஊர்களில் பிளாட்பாரம் தாழ்வு, பெட்டிப் படி உயரம். முட்டி வலி உள்ளவர்கள் பையை முதலில் உள்ளே கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறுங்கள். கேட்டால் எங்கள் வண்டியில் கை கொடுக்காதவர்கள் கிடையாது.

2016 மகாமகத்தில் இந்த ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தைப் பார்த்தவள் நான். அடுத்தது 2028. அதற்கு நிறைய செய்வார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், கூரை நீட்டுவார்கள். எல்லாம் வரட்டும், நல்லது. ஆனால் இரண்டாவது தண்டவாளத்துக்கு வேலை தொடங்கினால் அது மகாமகத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை, கீரைக்கட்டு அக்காவுக்கும் கல்லூரிப் பிள்ளைக்கும் எல்லா நாளும் பயன்படும். இதைக் கேட்டு நாங்கள் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்திருக்கிறோம். மறுபடியும் கொடுப்போம்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. காது சரியாகக் கேட்பதில்லை. ராத்திரி நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திண்ணையிலிருந்து கேட்பார்: "இன்னைக்கு எங்கேம்மா கிராசிங்?"

நேற்று பாபநாசம் என்றேன்.

"எத்தனை நிமிஷம்?"

எட்டு என்று விரலைக் காட்டினேன். "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்தார்.